டயரைக் கழற்றும் நாளில்தான் ரிம்மின் உட்புறம் தெரியும்

கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் மோட்டார் சைக்கிளில், எஞ்சின் கெடுவதற்கு வெகுகாலம் முன்பே சக்கரம் கெடத் தொடங்கிவிடும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் கரையோரமாக எங்கே வண்டியை நிறுத்தினாலும், விடிவதற்குள் அதன்மேல் பிசுபிசுப்பான ஓர் ஈரம் படிந்துவிடும். அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது. டேங்கையும் சீட்டையும் நாம் தினமும் துடைப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. சக்கரத்தை, அதிலும் டயருக்குள் மறைந்திருக்கும் ரிம்மின் உட்புறத்தை, யாரும் துடைப்பதில்லை, துடைக்கவும் முடியாது. சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதையும் புது டயர் போடுவதையும் இரண்டு தனி வேலைகளாகப் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டயர் கழன்றிருக்கும் அந்தச் சில நாட்களில் மட்டுமே ரிம் முழுவதும் நம் கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கிறது. அதை விட்டால் அடுத்த டயர் தேயும்வரை, அதாவது சில ஆண்டுகள், காத்திருக்க வேண்டும்.

அலாய் வீல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது. காற்றுப் பட்டவுடனேயே அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காத்துக்கொள்ளும். ஆனால் கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு, அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து, உலோகத்துக்குள் சிறு சிறு குழிகளைத் தோண்டுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் மணலும் ஜல்லித்தூளும் ரிம்மின் ஓரத்துப் பெயிண்டைப் பெயர்க்கின்றன. பெயர்ந்த இடத்தில் உப்பு நுழைந்து, பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் லேசாக உப்பியிருப்பது மட்டுமே தெரியும். நகத்தால் கீறினால் அந்த உப்பல் செதிலாகப் பெயர்ந்து, அடியில் வெண்மையான மாவு போன்ற தூள் இருக்கும். அந்தத் தூள் நேற்றுவரை ரிம்மாக இருந்த உலோகம்தான்.

டியூப்லெஸ் டயரில் இந்தக் குழிகள் தோற்றக் குறையோடு நின்றுவிடுவதில்லை. டியூப் இல்லாத சக்கரத்தில், டயரின் விளிம்பு ரிம்மின் விளிம்பை அழுத்திப் பிடித்திருப்பதுதான் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. டயர் விளிம்பு உட்காரும் அந்த இருக்கையில் உப்பு குழிபறித்துவிட்டால், ஆணி ஏறாமலேயே காற்று இறங்கத் தொடங்கும். என் ஹோண்டா யூனிகார்னின் பின்சக்கரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று கேட்கத் தொடங்கியபோது, தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மெல்லச் சுற்றி, ரிம்மின் ஓரமாக வரிசையாக எழும் சின்னக் குமிழிகளைக் காட்டினார்.

"டயர்ல ஓட்டையே இல்ல தம்பி. ரிம்மு ஓரமா போவுது பாரு. உப்பு தின்னுருக்கு."

"டியூப் போட்டா சரியாயிடுமாண்ணா?"

"காத்து நிக்கும். உள்ள தின்றது நிக்காதே."

அவர் சொன்னதை இந்தப் பகுதியில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் கசியும் ரிம்மில் டியூபைத் திணித்து அனுப்புவது நோயை மறைக்கும் வைத்தியம். டயரைக் கழற்றி, அரிப்பைச் சுரண்டி எடுத்து, உலோகத்தை மறுபடி மூடுவதே சரியான வழி.

சக்கரத்தை வீட்டிலேயே கழற்றுவதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். முன்சக்கரத்துக்கு எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையும் சிறு ஜாக்கியும் கொடுத்துத் தாங்க வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் கழற்றி, வண்டியைக் கட்டைகளின் மேல் நிற்கவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுகலான சந்தில், குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில், அப்படி நிற்கும் வண்டி யார்மேலாவது சாயலாம். முதலில் ஒன்றை முடித்து மாட்டிய பிறகு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். ஆக்சிலை உருவும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் வெளியே வரும் புஷ்களையும் வாஷர்களையும் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு கம்பியில் கோத்து வைத்துவிட வேண்டும். முன்சக்கரம் வெளியே வந்த பிறகு பிரேக் லிவரை யாரும் அழுத்திவிடாமல் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சிம்பைச் செருக வேண்டும். டிஸ்க் இல்லாத நேரத்தில் அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் உள்ளே சேர்ந்திருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நுரையீரலுக்கு நல்லது. செயின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியதும் அடியிலுள்ள கப்ளிங் ரப்பர்களை அமுக்கிப் பாருங்கள். அவை கல்லாக இறுகியிருந்தால் மாற்றுவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

பழைய டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதில்தான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. முதலில் வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டுவிட வேண்டும். பல ஆண்டுகள் ஒட்டிக் கிடந்த விளிம்பு கையால் அழுத்தினால் அசையாது. பெரிய சி-கிளாம்ப் ஒன்றை டயரின் இரு பக்கமும் பிடித்து முறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதன் பிறகு இரண்டு மூன்று டயர் லிவர்கள் போதும். ரிம்மின் விளிம்பில் லிவர் படும் இடங்களில், பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறிக் கவசமாக மாட்டிவிட்டால் ஒரு கீறல்கூட விழாது. லிவரில் முழு உடல் பலத்தையும் செலுத்த வேண்டியிருந்தால், செய்முறையில் ஏதோ தவறு என்று பொருள். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஓடும் பள்ளம் இந்த வேலைக்காகவே வார்க்கப்பட்டது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் விளிம்பு தளர்ந்து, சிறு அழுத்தத்திலேயே மேலேறி வந்துவிடும்.

டயர் போன பிறகு ரிம்மை ஒரு மணி நேரமாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பை வெளியேற்றிவிட்டு, வெயிலில் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்போக்கின் அடியையும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை போன்ற விரிசல் எங்காவது இருந்தால் வேலையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். விரிசல் விட்ட அலாய் வீலுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் போல் ஆபத்தான காரியம் வேறில்லை. ஏனென்றால், மேலே பளபளப்பு வந்த பிறகு அந்த விரிசலை அடுத்தவர் கண்டுபிடிக்கவே முடியாது. பள்ளத்தில் விழுந்து விளிம்பு மடங்கியிருந்தால் அதை வீட்டில் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும் வேண்டாம். மாற்று வீல் தேடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

சுத்தம் செய்ய எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் அலாய் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்பவர்கள் நம் பகுதியில் நிறைய உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்த குளோரைடிடமிருந்து ரிம்மைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ அதையே கையால் ஊற்றித் தேய்ப்பதற்குச் சமம். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைக் கரைத்துவிடும். இரும்புக் கம்பி பிரஷும் ஆகாது, அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் அரிப்புக்கு வித்தாகிவிடும். நைலான் பிரஷ், சோப்புத் தண்ணீர், உப்புத்தாள் ஆகிய மூன்றும் பெரும்பாலான ரிம்களுக்குப் போதும். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை முழுவதும் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே 400 எண் வாட்டர் பேப்பரால் மங்கலாக்கினால் புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். அரிப்பு கண்ட இடத்தில் மட்டும் 120 அல்லது 180-இல் தொடங்கி, வெள்ளைத் தூள் முழுவதும் போய்ப் பளிச்சிடும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிறகு 320, 400 என்று மென்மைக்கு வர வேண்டும். ஒரு குழியில் துளி வெள்ளை எஞ்சியிருந்தாலும் அது பெயிண்டுக்கு அடியில் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். டயர் உட்காரும் விளிம்பில் இந்தத் தேய்ப்பைச் செய்யும்போது, குறுக்குவாட்டில் இழுக்காமல் ரிம்மின் சுற்றுப் போக்கிலேயே தேய்ப்பது நல்லது. குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் காற்று வெளியேறும் ஒரு வழி.

கடையில் பிரைமர் கேட்டால் பல இடங்களில் ரெட் ஆக்சைடை எடுத்து நீட்டுவார்கள். அது இரும்புக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் உரியது. அலுமினியத்தில் நன்றாகப் பிடிக்க எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ வேண்டும். பாரிமுனைப் பக்கத்துப் பெயிண்ட் கடைகளிலும், வாகனப் பெயிண்ட் விற்கும் கடைகளிலும் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். மேல் பெயிண்டுக்கு வீட்டில் ஸ்ப்ரே டப்பாவே ஏற்றது. பட்டறைகளில் அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் இன்னும் உறுதியானதுதான், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது. துணி முகக்கவசத்தை நம்பி அதை மாடியில் அடிக்கக் கூடாது. அந்த உறுதி வேண்டுமென்றால் சக்கரத்தைப் பட்டறையில் கொடுத்துவிடலாம். பவுடர் கோட்டிங்கும் ஒரு வழி. அதில் ரிம்மை ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைப்பதால் பேரிங்குகளைக் கட்டாயம் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் மறைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பேரிங் இருக்கை, டிஸ்க்கும் ஸ்ப்ராக்கெட்டும் உட்காரும் முகங்கள், போல்ட் துளைகள், டிரம்மின் உள்ளே லைனர் உரசும் இரும்பு வளையம் ஆகியவற்றில் ஒரு சொட்டுப் பெயிண்டும் படக் கூடாது. டிஸ்க் உட்காரும் முகத்தில் பெயிண்ட் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் டிஸ்க் கோட்டமாக ஓடும். பிரேக் பிடிக்கும்போது லிவரில் துடிப்பு தெரியும். காலப்போக்கில் அந்தப் பெயிண்ட் நசுங்கி போல்ட்டும் தளரும். டயர் உட்காரும் விளிம்பை மட்டும் நான் முழுவதும் மறைப்பதில்லை. நம் கடற்காற்றில் அதை வெற்று உலோகமாக விட முடியாது என்பதால், அங்கே மெல்லிய பிரைமர் ஒரு கை, மெல்லிய பெயிண்ட் ஒரு கை, அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அழகு பார்த்துத் தடிமனாக அடித்தால் டயர் ஏறும்போது அது செதிலாகப் பெயர்ந்து, கசிவுக்குப் புது வாசல் திறந்துவிடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, ஆவியாகும் தின்னர் பெயிண்டின் மேற்பரப்பைக் குளிர்விப்பதால் ஈரம் அதன்மேல் படிந்து, வெண்மையான மங்கல் பூத்துவிடும். கறுப்புப் பெயிண்டில் அது அப்பட்டமாகத் தெரியும். மாசி, பங்குனியில் ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொண்டு, பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, கடற்காற்று உள்ளே வீசத் தொடங்குவதற்கு முன், அதாவது உச்சிப்பொழுதுக்குள், கடைசிக் கையையும் அடித்து முடித்துவிடுவது சிறந்தது. கடற்காற்று வந்துவிட்டால் ஈரமும் உப்பும் தூசியும் ஒன்றாக வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். மொட்டை மாடியில் அடிப்பவர்கள், பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா, கருவாடு காய்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை. ஸ்ப்ரேயின் தூவல் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் போகும். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, ஹப்புக்குள் கம்பியை நுழைத்துச் சக்கரத்தை அதற்குள் தொங்கவிட்டால், தூவலும் அடங்கும், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அடிக்கவும் வசதியாக இருக்கும்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீச வேண்டும். ரிம்மின் முகம் எல்லோருக்கும் எளிதில் வரும். ஸ்போக்குகளின் பக்கவாட்டும் உள்மூலைகளும்தான் விட்டுப்போகும், ஆகவே முதலில் அவற்றை அடித்துவிட்டு முகத்துக்குக் கடைசியில் வருவது நல்லது. முதல் கை அடிப்பகுதி தெரியுமளவுக்கு வெறும் தூவலாகவே இருக்கலாம். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மெல்லிய கைகளாக மூன்று, அதன்மேல் கிளியர் கோட் இரண்டு என்று ஏற்றினால் வடியாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே டயர் ஏற்றிவிடக் கூடாது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். லிவர் பட்ட இடம் வழண்டு வந்துவிடும். ஒரு வாரம் வெயிலடிக்கும் இடத்தில் விட்டுவைப்பதே நல்லது.

அந்த ஒரு வாரத்தில் டயர் வாங்கிவிடலாம். இந்தியாவின் பெரிய டயர் நிறுவனங்களில் ஒன்றான எம்.ஆர்.எஃப்., 1946-இல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மை பலூன் கொட்டகையிலிருந்து வளர்ந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் அதே திருவொற்றியூரில்தான் பல்லாண்டுகள் உருவானது. டயரும் வண்டியும் பிறந்த மண்ணில் இருக்கும் நாம், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வரக் கூடாது. யூனிகார்னின் பின்டயரில் 100/90-18 56P என்ற வகையில் எழுதியிருக்கும். 100 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 விழுக்காடு உயரம், 18 அங்குல ரிம். 56 என்பது அந்த டயர் தாங்கும் 224 கிலோ எடையையும், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேக வரம்பையும் குறிக்கும். பெரிய டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்று ரிம்மின் அகலத்துக்குப் பொருந்தாத டயரை ஏற்றினால், அதன் வளைவு குறுகிப்போய்த் திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்காது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. கடையின் வெயில்பட்ட வாசலில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய டயர், தேயாததால் மட்டும் புதியதாகிவிடாது.

டயரை ஏற்றுவதற்கு முன் பழைய ரப்பர் வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதை மாட்டிவிட வேண்டும். டயரின் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, டயரில் நிறப்புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்து, விளிம்புகளில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். டயர் ரிம்மில் வழுக்கவும் செய்யும். ஒரு பக்க விளிம்பைக் கையால் அழுத்தியே இறக்கிவிடலாம். இரண்டாவது பக்கத்தில், வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் நீளம் இறுகிக்கொண்டு வரும்போது லிவரைக் கீழே வைத்துவிட்டு, ஏற்கெனவே ஏறிய பகுதி நடுப்பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். முழங்காலால் அதைப் பள்ளத்துக்குத் தள்ளினால், இறுகி நின்ற விளிம்பு உள்ளங்கை அழுத்தத்துக்கே உள்ளே போய்விடும்.

காற்றடித்து விளிம்பை இருக்கையில் உட்காரவைப்பது மட்டும் கைப்பம்பால் ஆகாது. டியூப்லெஸ் டயருக்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். சக்கரத்தைப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், டயரின் நடுவில் கயிற்றைச் சுற்றி இறுக்கி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரால் அடித்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை 'டப்' என்று சத்தம் கேட்கும். முதல் சத்தத்துக்கே கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, 40 பி.எஸ்.ஐ. வந்தும் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்குவதே முறை. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி உட்காரவைக்கும் வித்தையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு முயல்வது, பெயிண்டையும் கையையும் சேர்த்து எரித்துக்கொள்வதாகும். உட்கார்ந்ததும் ரிம்முக்கு அருகே டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று இரு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். என் பின்சக்கரத்தை முக்கியபோது தண்ணீர் அசையவில்லை.

மாட்டும்போது ஆக்சிலில் லேசாக கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை அது உப்பில் இறுகிக் கிடக்காது. டிஸ்க்கின் மேல் சோப்போ பெயிண்ட் தூவலோ படிந்திருந்தால் சுத்தமான துணியில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு, வண்டி நகர்வதற்கு முன் பிரேக் லிவர் இறுகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். செயின் தொய்வும் சக்கரத்தின் நேரும் சரியா என்று இரு பக்க அடையாளக் கோடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டர் வரை திருப்பங்களில் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்ட வேண்டும். பழைய டயரைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள், போகிக்கென்று எடுத்து வைக்காதீர்கள்; அந்தக் கரும்புகையை மூச்சில் இழுப்பது நம் தெருவின் குழந்தைகள்தான்.

பெயிண்ட் எவ்வளவு காலம் நிற்கும் என்பது இனி எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பதால், பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் வாரந்தோறும் வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்துபவர், தண்ணீர் ஆவியான பிறகு உப்பை மட்டும் ரிம்மில் விட்டுவைக்கிறார். சக்கரத்துக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்கி, ரிம்மும் டயரும் சேரும் ஓரத்தில் ஊற்றி அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கழுவும்போதே கல் பட்டுப் பெயர்ந்த இடம் ஏதாவது கண்ணில் பட்டால், மிச்சமிருக்கும் ஸ்ப்ரேயை மூடியில் கொஞ்சம் பீச்சி, சின்னப் பிரஷால் தொட்டு அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.